பார்க்க ஒன்று, இனம் வேறு: ஊடுருவும் களைகளைப் பிரித்தறிவது எப்படி?

வாய்க்கால் ஓரத்தில் படர்ந்து கிடப்பது பொன்னாங்கண்ணியா, அதன் நெருங்கிய உறவான அலிகேட்டர் களையா என்று அறிய வேண்டுமானால் பூவைப் பார்க்க வேண்டும். பொன்னாங்கண்ணியில் வெள்ளைப் பூவுருண்டை, தண்டும் இலையும் சேரும் கக்கத்திலேயே காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அலிகேட்டர் களையில் சற்றுப் பெரிய வெள்ளை உருண்டை, பல சென்டிமீட்டர் வரை நீளும் காம்பின் நுனியில் எழும்பி நிற்கும். மற்றபடி இரண்டுக்கும் இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இருக்கும். இரண்டும் ஈரத்தை நாடும், இரண்டும் கணுவில் வேர்விடும். பூக்காத நிலையில் பழகிய கண்ணும் தடுமாறும்.

இந்தத் தடுமாற்றத்தின் விளைவு பெரிது. 1990-களில் ஆஸ்திரேலியாவில், இலங்கையிலிருந்து குடியேறியவர்களின் வீட்டுத் தோட்டங்களில் பொன்னாங்கண்ணி என்று நம்பி வளர்க்கப்பட்டது பல இடங்களில் அலிகேட்டர் களை என்று தெரியவந்தது. அறிந்து யாரும் அதை நடவில்லை. நல்ல கீரை என்று ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் துண்டு கொடுத்ததிலேயே அது பரவியது. அங்கே அதை அகற்றியபோது, இந்த இரண்டும் சேர்ந்த ஆல்டர்நாந்தரா பேரினத்திலேயே அந்த மண்ணுக்கு உரிய வேறோர் இனத்தை மாற்றாகக் கொடுத்தார்கள்.

ஒழிக்கும் முறையும் இனத்தைப் பொறுத்து மாறிவிடுகிறது. பொன்னாங்கண்ணி நன்றாக விதை கட்டும். விதை விழுமுன் பிடுங்கினால் அடுத்த பருவத்தில் குறையும். அலிகேட்டர் களை, தாயகமான தென் அமெரிக்காவை விட்டு வெளியே வந்த இடங்களில் முளைக்கும் விதையை ஏறக்குறைய கட்டுவதே இல்லை. ஒரு கணு உள்ள தண்டுத் துண்டு கிடைத்தால் போதும், அதிலிருந்து புதுச்செடி வந்துவிடும். அதை மண்வெட்டியால் கொத்தினால் ஒரு செடி ஐம்பது நாற்றாகிறது. இயந்திரக் கலப்பை ஓட்டினால் வயல் முழுக்க நட்டதாகிவிடும். பெயரில் நேரும் பிழை இப்படித்தான் வேலையில் வந்து முடிகிறது.

இரண்டு வகைச் சாயல்

செடிகள் ஒன்றுபோல் தோன்றுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. எது என்று தெரிந்துகொண்டால் எங்கே தேட வேண்டும் என்பது தெளிவாகும்.

முதலாவது உறவுச் சாயல். ஒரே பேரினத்தையோ குடும்பத்தையோ சேர்ந்த செடிகள் ஒத்திருப்பது இயல்பு. பொன்னாங்கண்ணியும் அலிகேட்டர் களையும் இப்படி. இங்கே இலையைப் பார்த்து முடிவுக்கு வர முயல்வது வீண். பூ அமைந்துள்ள விதம், காய், முள் கிளம்பும் இடம், மயிரின் வடிவம் போன்ற நுண்ணிய உறுப்புகளில்தான் வேறுபாடு இருக்கும்.

இரண்டாவது வாழிடச் சாயல். உறவே இல்லாத செடிகள் ஒரே மாதிரி வாழ்வதால் ஒரே உருவம் கொள்கின்றன. நீரில் மிதக்கும் செடிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெங்காயத்தாமரை, பிஸ்டியா, லிம்னோபியம், சால்வினியா எல்லாம் நீரின் மேல் கொத்துக் கொத்தாகப் பச்சை இலை விரிக்கும். ஆனால் பிஸ்டியா சேம்பின் குடும்பம். சால்வினியா பூவே பூக்காத பெரணி வகை. இவற்றைப் பிரிப்பது எளிது. ஒரு செடியைக் கையில் எடுத்து, திருப்பி, அடியைப் பார்த்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். தொலைவிலிருந்து பார்ப்பதும் மேலிருந்து எடுத்த படத்தை நம்புவதும்தான் இங்கே குழப்பத்தை உண்டாக்குகின்றன.

மாறும் அடையாளம், மாறாத அடையாளம்

தொடங்குபவர்கள் முதலில் நம்புவது உயரம், இலையின் அளவு, பச்சையின் அடர்த்தி, பூவின் நிறம் ஆகியவற்றைத்தான். கண்ணில் முதலில் படுபவை அவைதானே. ஆனால் வெளிச்சம், நீர், உரம், நெரிசல், வயது ஆகியவற்றால் முதலில் மாறுவதும் அவையே.

வெங்காயத்தாமரையையே எடுத்துக்கொள்ளலாம். இலைக்காம்பு உருண்டு புடைத்து, உள்ளே பஞ்சுபோன்ற காற்றறைகளோடு இருப்பதுதான் அதன் புகழ்பெற்ற அடையாளம். திறந்த நீரில் தனியாக மிதக்கும் இளஞ்செடியில் இது தெளிவாகத் தெரியும். நெருங்கி அடர்ந்த கூட்டத்தின் நடுவில் இருக்கும் செடியிலோ காம்பு மெலிந்து நீண்டு, ஒரு மீட்டரை எட்டும் அளவுக்குக்கூட உயர்ந்துவிடும், புடைப்பே இருக்காது. ‘குமிழ் இல்லை, ஆகவே இது வேறு’ என்று முடிவு கட்டினால் தவறு. கூட்டத்தின் ஓரத்துக்குப் போய் ஒன்றிரண்டு செடிகளைப் பார்த்தால் குமிழ் இருக்கும்.

அலிகேட்டர் களையின் தண்டிலும் இதே சிக்கல். முற்றிய தண்டை வெட்டினால் உள்ளே பொள்ளலாக இருக்கும் என்பது சரி. ஆனால் நீரில் வளரும் பொன்னாங்கண்ணியின் தண்டும் பொள்ளலாகலாம். காய்ந்த நிலத்தில் வளரும் அலிகேட்டர் களையின் இளந்தண்டில் பொள்ளல் சிறுத்துப்போகலாம். ஆக, பொள்ளல் ஒரு துணைச் சான்று மட்டுமே. தீர்ப்புச் சொல்வது பூக்காம்பு. அதிலும் ஒரு கவனம் வேண்டும்: காம்பு இருந்தால் அது பொன்னாங்கண்ணி ஆகாது. காம்பு இல்லை என்பதாலேயே அது பொன்னாங்கண்ணி என்றும் ஆகிவிடாது. ஆல்டர்நாந்தரா பங்கென்ஸ் என்ற அயல் களைக்கும் பூ கக்கத்திலேயே ஒட்டியிருக்கும். அது தரையோடு படிந்து படரும். பூவிதழ்களின் நுனி முள்ளாகிக் கையில் குத்தும்.

மாறாதவை எவை? இலைகள் கணுவில் அமையும் முறை; இலை தனி இலையா, பல சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலையா என்பது; முள் கிளம்பும் இடம்; பூக்கள் சேர்ந்திருக்கும் விதம்; பூவுறுப்புகளின் எண்ணிக்கை; காயின் அமைப்பு; தண்டு உருண்டையா, சதுரமா, முக்கோணமா என்பது. இவை செடியின் பிறப்போடு வருபவை. பருவமும் உரமும் இவற்றை அவ்வளவாக அசைப்பதில்லை.

இதில் இலையைப் பற்றி ஒரு சொல். கூட்டிலையின் சிற்றிலையைத் தனி இலை என்று எண்ணுவது எல்லோருக்கும் நேரும் முதல் பிழை. உண்மையான இலையின் கக்கத்தில் ஒரு மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது. காம்பின் அடியில் விரலால் தடவிப் பார்த்து மொட்டு எங்கே இருக்கிறது என்று கண்டுகொண்டால், அங்கிருந்து வெளியே நீள்வது முழுவதும் ஓர் இலை. அதன் பிறகே, இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே வரும் எதிரடுக்கா, ஒன்றுவிட்டு ஒன்று மாறி மாறி வரும் மாற்றடுக்கா என்ற கேள்வி.

பெயரும் தவறு, பூச்சியும் தவறு: சால்வினியாவின் கதை

இனம் பிரித்தறிவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு சால்வினியா மொலெஸ்டாவைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. ஏரிகளையும் நெல்வயல்களையும் மூடும் இந்த மிதக்கும் பெரணி, ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பரவியபோது, அதை சால்வினியா ஆரிகுலேட்டா என்றே நீண்ட காலம் எண்ணினார்கள். எனவே இயற்கை எதிரிகளைத் தேடிப் போனவர்கள், 1960-களில், ஆரிகுலேட்டா வளரும் டிரினிடாட்டிலும் தென் அமெரிக்காவின் வட பகுதியிலும் தேடினார்கள். அங்கே கிடைத்த பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டும் களை அடங்கவில்லை.

1972-இல்தான் மிட்செல் என்ற தாவரவியலாளர் இது தனி இனம் என்று விளக்கி, மொலெஸ்டா என்று பெயரிட்டார். அதன் தாயகம் தென்கிழக்கு பிரேசில் என்று 1978-இல் கண்டறியப்பட்டது. அங்கே அதை உண்டுகொண்டிருந்த ஒரு சிறு கூன்வண்டைக் கொண்டுவந்து, 1980-இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விட்டார்கள். ஏரியை மூடியிருந்த களை ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்திலேயே அழிந்தது. இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. அந்த வண்டையும் முன்பு விட்டுத் தோற்ற அதே இனம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். நுணுகிப் பார்த்தபோது அதுவும் புதிய இனம் என்று தெரிந்து, 1985-இல் சிர்டோபேகஸ் சால்வினியே என்று பெயர் பெற்றது. களையிலும் ஒரு பிழை, வண்டிலும் ஒரு பிழை. இரண்டும் திருந்திய பின்பே வெற்றிக்கான காரணம் முழுமையாகப் புரிந்தது.

இனி அந்தப் பிழை எப்படி நேர்ந்தது என்று இலையை அருகில் வைத்தே பார்க்கலாம். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று வேண்டும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, இலையை அதன் அருகே கொண்டுவர வேண்டும். லென்ஸை இலையருகே பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. இலையைப் படுக்கைவாட்டில், ஓரம் கண்ணுக்கு நேராக வரும்படி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், மேற்பரப்பில் நிற்கும் மயிர்கள் தெரியும். சால்வினியா மொலெஸ்டாவில் ஒவ்வொரு மயிரும் ஒரு காம்பாக எழுந்து, நான்கு கிளையாகப் பிரிந்து, நுனியில் நான்கும் மறுபடி ஒன்றாகச் சேர்ந்திருக்கும். முட்டை அடிக்கும் கம்பிக் கருவியின் தலை அச்சாக இப்படித்தான் இருக்கும். சால்வினியா நேட்டன்ஸ், சால்வினியா மினிமா ஆகிய இனங்களில் மயிர்க்கிளைகளின் நுனிகள் சேராமல் விரிந்தே நிற்கும். சால்வினியா குகுல்லேட்டாவில் இலையே குவிந்து கிண்ணமாக இருக்கும்.

இதுவரை தெளிவுதான். ஆனால் ஆரிகுலேட்டாவும் வேறு இரு தென் அமெரிக்க இனங்களும்கூட இதே நுனி சேர்ந்த மயிரை உடையவை. மயிரைப் பார்த்தால் ‘ஆரிகுலேட்டா கூட்டத்தைச் சேர்ந்தது’ என்பது வரைதான் சொல்ல முடியும். அதற்கு மேல் போக, நீருக்கடியில் தொங்கும் வித்துப் பைகள் (பெரணியில் விதைக்குப் பதிலாக வரும் நுண்வித்துகளின் பைகள்) எப்படிக் கோத்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். மொலெஸ்டாவில் அவை நீண்ட சரமாகத் தொங்கும். பெரும்பாலும் வெறுமையாக இருக்கும், ஏனென்றால் இந்த இனம் மலடு. துண்டு துண்டாக உடைந்துதான் பெருகுகிறது. மயிரோடு நின்றுவிட்டவர்களுக்கு ஆரிகுலேட்டா என்ற பெயர் பொருந்தியதாகவே தோன்றியிருக்கும்.

இலையைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். முதிர்ந்த இலையில் மயிர்நுனிகள் உடைந்துபோய், நேட்டன்ஸ்போல விரிந்து தெரியும். இளம் இலையையே பார்க்க வேண்டும். இலையின் அளவை அறவே நம்பக் கூடாது. திறந்த நீரில் புதிதாகப் பரவும் மொலெஸ்டாவின் இலை சிறியது, தட்டையானது. நெருக்கம் கூடக் கூட பெரிதாகி, நடுநரம்பை ஒட்டி மடிந்து, செங்குத்தாக நெருக்கிக்கொண்டு நிற்கும். முதல் நிலையையும் கடைசி நிலையையும் அருகருகே வைத்தால் இரண்டு இனம் என்றே தோன்றும்.

மற்றொரு மிதக்கும் பெரணியான அசோலாவோடு குழப்பிக்கொள்வது இதைவிட எளிதாகத் தீரும். அசோலா மிகச் சிறியது. செதில் செதிலாக அடுக்கிய நுண்ணிலைகள், கீழே உண்மையான வேர்கள். சால்வினியாவுக்கு வேரே கிடையாது. கணுவுக்கு மூன்று இலைகளில் இரண்டு மிதக்க, மூன்றாவது நீருக்குள் பழுப்பு நார்களாகப் பிரிந்து வேர்போலத் தோற்றம் காட்டுகிறது.

மிதக்கும் மற்றவை

ஆகாயத்தாமரை என்ற பெயர் பிஸ்டியாவுக்கும் வழங்குகிறது, வெங்காயத்தாமரைக்கும் வழங்குகிறது. எனவே இந்தப் பெயரில் ஒரு தகவல் வந்தால், எந்தச் செடி என்று ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது. பிஸ்டியாவுக்கு இலைக்காம்பு கிடையாது. வெளிர்பச்சையான, வெல்வெட் போன்ற மென்மயிர் போர்த்திய இலைகள், நெடுக ஓடும் பள்ளமான நரம்புகளோடு, நடுவிலிருந்து சுற்றிலும் விரியும். நீரை ஊற்றினால் ஒட்டாமல் முத்தாக உருண்டு ஓடும். வெங்காயத்தாமரையின் இலை வழவழப்பாகப் பளபளக்கும். தனிக் காம்பு உண்டு. பூ இளம் ஊதா, ஆறு இதழ்களில் மேலிதழில் மட்டும் மஞ்சள் பொட்டு.

அந்த மஞ்சள் பொட்டு மோனோக்கோரியாவிடமிருந்தும் பிரித்துக் காட்டும். மோனோக்கோரியா நெல்வயலிலும் ஓடைச் சேற்றிலும் வேர் ஊன்றி வளரும். நீலப் பூ, இதய வடிவ இலை. மஞ்சள் பொட்டு இல்லை, காம்புப் புடைப்பு இல்லை. மிதக்கவும் மிதக்காது. லிம்னோபியத்தின் இளஞ்செடி வெங்காயத்தாமரையின் குஞ்சுபோலவே இருக்கும். இலையைத் திருப்பினால், காம்பில் இருக்க வேண்டிய பஞ்சு இலையின் அடிப்புறத்தில் திட்டாக இருக்கும்.

முள் எங்கே கிளம்புகிறது?

சீமைக் கருவேலத்தை வெட்டும் வேலையில் வன்னியும் கருவேலமும் சேர்ந்து போய்விடுவது பெரிய இழப்பு. இரண்டும் வறண்ட மண்ணுக்குரிய மரங்கள்; வன்னி மெதுவாக வளர்வது. இலையைப் பார்த்தால் மூன்றும் ஈரடுக்குக் கூட்டிலை: நடுக்காம்பு இணை இணையாகக் கிளைத்து, அந்தக் கிளைகளில் சிற்றிலைகள் இருக்கும். தொலைவில் நின்று பார்த்தால் ஒன்றுபோல் மெல்லிய பச்சை. முள்ளைப் பார்த்தால் வன்னி உடனே தனித்து வந்துவிடும்.

சீமைக் கருவேலத்தில் முள் கணுவில், இலைக் கக்கத்தை ஒட்டி, பெரும்பாலும் இரட்டையாக, சில நேரம் ஒற்றையாகக் கிளம்பும். வன்னியில் முள் கணுவுக்குக் கணு வருவதில்லை. இரண்டு கணுக்களுக்கு நடுவே தண்டில் ஆங்காங்கே சிதறி, அடி அகன்று குட்டையாக இருக்கும். ஒரு முழ நீளக் கிளையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முள்ளும் இலை கிளம்பும் இடத்தில் இருக்கிறதா, இலைகளுக்கு இடையில் இருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் ஐயம் இருக்காது. ஒரே ஒரு முள்ளை வைத்து முடிவெடுக்கக் கூடாது. சீமைக் கருவேலத்தில் முள்ளே இல்லாத மரங்களும் உண்டு என்பதால், முள் இல்லை என்பதும் எதையும் உறுதி செய்யாது.

கருவேலத்துக்கும் கணுவிலேயே இரட்டை முள். இங்கே முள் உதவாது, பூவும் காயும் பார்க்க வேண்டும். கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. சீமைக் கருவேலத்தின் பூ வெளிர்மஞ்சளும் பச்சையும் கலந்த நீண்ட கதிர். கருவேலத்தின் நெற்று விதைக்கு விதை ஆழமாக இடுக்கி, சாம்பல் பூத்திருக்கும். சீமைக் கருவேல நெற்று மஞ்சளாகி, சற்று வளைந்து, சதைப்பற்றோடு இனிக்கும், ஓரம் அவ்வளவாக இடுக்கியிராது. பூவும் காயும் இல்லாத நாளில் இலையின் கிளைகளை எண்ணலாம். சீமைக் கருவேலத்தில் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று இணைக் கிளைகள்; கருவேலத்தில் மூன்றுக்கு மேல் ஆறு, ஏழு வரை, சிற்றிலைகளும் மிகப் பொடியாக இருக்கும். மூன்று என்ற எண் இரண்டிலும் வரும். ஆகவே ஐந்தாறு இலைகளையாவது எண்ணி, பெரும்பான்மை எது என்று பாருங்கள். வெட்டிய கட்டையிலிருந்து துளிர்த்த கிளையின் இலைகளை எண்ண வேண்டாம். அவை இயல்புக்கு மாறாகப் பெருத்தோ சிறுத்தோ இருக்கும்.

வெள்வேலம் மரப்பட்டையின் வெளிறிய நிறத்தாலும், கிளைநுனியில் பெரிய கொத்தாகப் பூக்கும் வெண்மஞ்சள் உருண்டைகளாலும் தனியே தெரியும்.

தொட்டால் சுருங்கும் செடிகளிலும் எண்ணிக்கைதான் கைகொடுக்கும். சாதாரணத் தொட்டாற்சுருங்கியில் காம்பின் நுனியிலிருந்து இரண்டு அல்லது நான்கு கிளைகள் விரல்போல் விரியும். மைமோசா டிப்ளோடிரைக்கா என்ற ஏறிப்படரும் களைக்கு, நாற்பட்டையான தண்டில் பட்டைகளின் வழியே வளைந்த முட்கள் வரிசையாக ஓடும். இலைக்கிளைகள் நான்கு முதல் ஒன்பது இணை. மைமோசா பிக்ரா ஆளுயரத்தைத் தாண்டும் புதர். இலைநடுக்காம்பில், இணைக் கிளைகள் சேரும் இடங்களில் நேரான முள் நிமிர்ந்து நிற்கும்.

ஒரு காலத்தில் யூப்பட்டோரியம்

குரோமோலீனா ஓடோரேட்டா, அஜெராட்டினா அடெனோஃபோரா, அஜெராட்டினா ரிபேரியா ஆகிய மூன்று களைகளும் முன்பு யூப்பட்டோரியம் என்ற ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தவை. பழைய நூல்களிலும் பட்டியல்களிலும் அந்தப் பெயரே இருப்பதால், ‘யூப்பட்டோரியம்’ என்று படித்தால் எந்தச் செடியைச் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றுக்கும் எதிரடுக்கு இலை, மூன்றுக்கும் நுனியில் வெளிறிய சிறு பூக்கொத்துகள்.

பூக்கொத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். மேலிருந்து எடுக்கும் படத்தில் கிடைக்காத செய்தி அங்கேதான் இருக்கிறது. குரோமோலீனாவில் பல பொடிப் பூக்கள் சேர்ந்த ஒவ்வொரு பூத்தலையும் நீண்ட உருளை. அதைச் சுற்றியுள்ள செதில்கள் கீழே குட்டையாகவும் மேலே நீளமாகவும் நான்கைந்து அடுக்காக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். அஜெராட்டினாவில் செதில்கள் ஏறக்குறைய ஒரே நீளம், இரண்டே வரிசை. பூத்தலை அகன்ற கிண்ணமாகத் தெரியும். பூ இல்லாதபோது குரோமோலீனாவின் இலையில் அடிப்பகுதியிலிருந்தே மூன்று நரம்புகள் முக்கவையாகப் பிரிவதைக் காணலாம்; கசக்கினால் நெடி தூக்கும். அடெனோஃபோராவின் இளந்தண்டு கருஞ்சிவப்பாக, கையில் பிசுபிசுக்கும் மயிர்களோடு இருக்கும். குளிர்ந்த மலைப்பகுதிகளையே பெரும்பாலும் நாடும். ரிபேரியாவின் இலை ஒடுங்கி நீண்டது, செடியும் தாழ்ந்து படரும்.

இவற்றின் தண்டில் முட்டையிட்டு முடிச்சை உண்டாக்கும் ஈக்கள் இந்த வேறுபாடுகளை மிகச் சரியாக அறியும். அடெனோஃபோராவைக் கட்டுப்படுத்தப் பயன்படுவது புரோசெசிடோகேரஸ் யூட்டிலிஸ். ரிபேரியாவுக்கு அதே பேரினத்தின் அலானி. குரோமோலீனாவுக்கு வேறு பேரினத்தைச் சேர்ந்த செசிடோகேரஸ் கனெக்சா. ஒன்றுக்குரியதைக் கொண்டுவந்து மற்றொன்றில் விட்டால் பயன் கிடைக்காது.

அஜெராட்டமும் மிக்கானியாவும் இதே குழப்பத்தில் வந்து சேரும். அஜெராட்டம் இடுப்புயரத்தைத் தாண்டாத ஓராண்டுச் செடி. முதிர்ந்த விதையை லென்ஸில் பார்த்தால், தலையில் பஞ்சுமயிருக்குப் பதிலாக ஐந்து கூரிய செதில்கள் இருக்கும். மிக்கானியா சுற்றி ஏறும் கொடி, ஒவ்வொரு பூத்தலையிலும் நான்கே பூக்கள்.

நாற்றுப் பருவத்தில்

களையை ஒழிக்க மிக எளிதான பருவமே அடையாளம் காண மிகக் கடினமான பருவம். பார்த்தீனியம் முதலில் தரையோடு ஒட்டி, வட்டமாக, ஆழமாகப் பிளந்த இலைகளை விரிக்கும். அந்த நிலையில் அதைக் கேரட் நாற்றோடும் செண்டுமல்லி நாற்றோடும் குழப்பிக்கொள்வார்கள். செண்டுமல்லி நாற்றில் இலைகள் எதிரெதிரே வரும், கசக்கினால் அதற்கே உரிய மணம் வீசும். கேரட் இலையும் கசக்கினால் கேரட் மணக்கும், காம்பின் அடி உறையாக விரிந்திருக்கும். பார்த்தீனிய இலைகள் மாற்றடுக்கு. சாம்பல் கலந்த பச்சை, நுண்மயிர் போர்த்தது. ஆனால் பார்த்தீனியமோ என்ற ஐயம் இருக்கும் செடியை வெறுங்கையால் கசக்க வேண்டாம்; தோல் ஒவ்வாமை வந்துவிட்டால் எளிதில் போகாது. கையுறை போட்டுக்கொண்டு இலையடுக்கை மட்டும் பாருங்கள்.

வளர்ந்தபின் குழப்பம் அம்புரோசியாவோடும் மாசிபத்திரி வகைகளோடும். பார்த்தீனியத்தின் தண்டில் நெடுக வரிப்பள்ளங்கள் ஓடும். உச்சியில் கிளைத்த கொத்தாக, ஐந்து மூலை கொண்ட பொடி வெள்ளைப் பூத்தலைகள். அம்புரோசியா ஆர்டெமிசிஃபோலியாவின் கீழ் இலைகள் எதிரெதிரே இருக்கும், ஆண்பூக்கள் பச்சையாக நீண்ட கதிரில் கவிழ்ந்து தொங்கும். மாசிபத்திரியின் இலையைத் திருப்பினால் அடிப்புறம் வெள்ளைப் பஞ்சு பூத்திருக்கும்.

படமும் மாதிரியும்

ஒருவரிடம் காட்டிக் கேட்பதற்கோ, செடியின் பெயர் சொல்லும் கைபேசிச் செயலியில் பார்ப்பதற்கோ ஒரே படம் போதாது. முழுச்செடி, இலையின் மேற்புறம், அடிப்புறம், கணு, பூவின் முகப்பு, பூவின் பக்கவாட்டு, காய், வெட்டிய தண்டு என எட்டுப் படங்கள் இருந்தால் பெரும்பாலான கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். கணுவின் படத்தைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். கேட்பவருக்கு முதலில் தேவைப்படுவதும் அதுதான். ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வையுங்கள். மணம், பால் வடிகிறதா, உயிருள்ளபோது பூவின் நிறம் ஆகியவை படத்திலோ உலர்ந்த செடியிலோ நிற்காது. அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

செயலி சொல்லும் பெயரைப் பேரினம் வரை எடுத்துக்கொள்வது ஓரளவு பாதுகாப்பு. அதற்குப் பிறகு அந்தப் பேரினத்தின் மற்ற இனங்களைத் தேடி, நம் கையில் உள்ள செடி அந்தப் பெயராக இருக்க முடியாது என்று காட்டும் அடையாளம் ஏதாவது உண்டா என்று பார்க்க வேண்டும். பொருந்தும் அடையாளங்களை மட்டும் தேடினால் கண் அவற்றையே கண்டுபிடித்துக் கொடுக்கும். பத்து ஒத்துப்போய், பூக்காம்பு ஒன்று ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பெயர் தவறு.

உலர்த்திய மாதிரி வேண்டுமானால் பூவோ காயோ உள்ள கிளையைச் செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து, ஓர் இலையையாவது திருப்பி அடிப்புறம் தெரியும்படி பரப்பி, கனமான பலகையால் அழுத்துங்கள். முதல் சில நாட்களுக்கு நாள்தோறும் தாளை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்து இலை கறுத்துவிடும். பிடுங்கிய இடம், நாள், செடியின் உயரம் எழுதிய சீட்டையும் உள்ளேயே வையுங்கள்.

சால்வினியா, அலிகேட்டர் களை போன்ற துண்டிலிருந்து முளைப்பவற்றைத் திறந்த கூடையில் எடுத்துச் செல்லக் கூடாது. நன்றாகக் கட்டிய பையில் எடுத்துச் சென்று, பார்த்து முடித்தபின் அதே பையில் வெயிலில் வைத்து, முழுக்க அழுகிக் கூழான பிறகே அப்புறப்படுத்த வேண்டும். பாதி வாடிய தண்டு பார்வைக்குச் செத்ததுபோல் இருந்தாலும், கணு ஈரமாக இருக்கும் வரை துளிர்க்கும். கைலென்ஸ், கத்தி, காலணி மூன்றையும் அந்த இடத்திலேயே கழுவிவிட்டுக் கிளம்புங்கள். கழுவிய நீர் மறுபடி வாய்க்காலுக்கு ஓடாத மேட்டில் நின்று கழுவ வேண்டும்.